பள்ளத்தூர்க் கொட்டகையில் ஒரு ஃபியட்: வெட்டலாமா, கூடாதா?

2.8.2025, வாசகர் கேள்வி

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, வாங்கிய 1966 மாடல் ஃபியட் 1100டி பள்ளத்தூர் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் 22 வருடமாக நிற்கிறது. கடைசியாக ஓடியது 2003இல், குன்றக்குடிக்கு. வெளியூர்ப் பட்டறை ஒன்றுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டுப் புது இன்ஜின், ஐந்து கியர், தரையில் கியர் லிவர், ஏசி, பவர் ஸ்டீயரிங் எல்லாம் போட்டு, மேட் கறுப்பு அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். ஓடாத ஒரிஜினலைவிட ஓடுகிற புதுசு மேல் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். இன்னொன்று, பேட்டரி மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

2.8.2025, இரவு

பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கிற பட்டறைக்காரன் எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடாது. பேட்டரியைத் தொடாதீர்கள் தம்பி.

22 வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் துருவால் ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டாரால் இழுத்தால் மோட்டார் புகையும், இல்லாவிட்டால் ரிங் உடையும். ரிங் உடைந்து சிலிண்டரில் கோடு விழுந்தால் லேத்து, ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), பிஸ்டன் செட் என்று செலவு நீண்டுகொண்டே போகும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இன்ஜின் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மூடி ஊற்றுங்கள். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். திரும்ப ஊற்றுங்கள். அப்புறம், பிளக் இல்லாமலே முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்துவிடலாம். அசையவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்ப்போம்.

டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே தெரியும். அது கார்புரேட்டருக்குப் போனால் ஜெட் ஓட்டை அடைத்துக்கொள்ளும். டேங்கை இறக்கிக் கழுவியாக வேண்டும்.

பெரிய கேள்விக்கு நிதானமாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒரே சொல்: வெட்டாதீர்கள்.

3.8.2025, காலை

பிரேக்கை எழுத மறந்துவிட்டேன். எனக்கே வெட்கம். இன்ஜின் ஓடாவிட்டால் வண்டி நிற்கும், பிரேக் இல்லாவிட்டால் நிற்காது. அந்த வண்டிக்கு நாலு சக்கரமும் டிரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லைன். எங்காவது ஒரு ரப்பர் கிழிந்தால் மிதி நேராகத் தரைக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். ரப்பர் ஒன்று விடாமல் மாற்றவும். டயரில் பள்ளம் எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் 22 வருட ரப்பரை நம்ப வேண்டாம்.

5.8.2025

சரி, வெட்டுவது பற்றி. சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்ற வேண்டுமென்றால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும், ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். ‘எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்’ என்று அந்தப் பட்டறையில் சொல்லியிருப்பார்கள். எப்படிப் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது 2021 ஜூலையில் வந்த விதி. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி, சேஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் ‘விண்டேஜ்’ என்று பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே நிற்கும், புதிதாகப் பதிகிற வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள நம்பர் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். உங்கள் வண்டிக்கு 59 வயது. இன்ஜினைத் தூக்கினால் அந்த வாசல் அடைபடும்.

இப்போது பட்டறைக் காரணம். அந்த இன்ஜின் 1089 சி.சி., சுமார் 40 குதிரைத்திறன். டிரம் பிரேக், முன்சக்கரம் திரும்புகிற கிங் பின், பின்பக்க ஸ்பிரிங் பட்டை எல்லாம் அந்த 40 குதிரைக்குக் கட்டிய லாயம். 80 குதிரையை உள்ளே விட்டால் முதலில் லாயம் உடையும். அதனால் பிரேக்கை மாற்று, ஆக்ஸிலை மாற்று, ஸ்டீயரிங்கை மாற்று என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் உங்கள் ஐயாவின் வண்டியில் ஐயாவுடையது கதவுக் கைப்பிடி மட்டும்தான்.

6.8.2025

ஒருவர் படமே போட்டுவிட்டார். 2011, பிள்ளையார்பட்டி ரோடு, சிவப்பு ஃபியட், தரையில் கியர். பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான். மீசை மட்டும் இப்போது இல்லை.

மறைக்கவில்லை, கேட்டால் சொல்லியிருப்பேன். சரி, மறைத்தேன்தான்.

2009இல் தேவகோட்டையில் ஒரு வீட்டிலிருந்து வாங்கிய வண்டி அது. ஸ்டீயரிங் தண்டில் இருக்கிற கியர் லிவர் குழம்பில் கரண்டி போட்டுத் துழாவுகிற மாதிரி ஆடியது. மூன்றாவது கியர் என்று போட்டால் முதலாவது விழும். எனக்குப் பொறுமை இல்லை. கட்டிங் வீலை எடுத்து நடுத்தரையைச் சதுரமாக வெட்டி, லிவரைத் தரைக்கு இறக்கினேன். லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற பழைய லிங்க்கையெல்லாம் காயலான் கடையில் எடைக்குப் போட்டேன். 90 ரூபாய் கிடைத்தது, அன்றைக்கு டீ, வடை.

அதற்கு அப்புறம்தான் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, அந்த ஆட்டத்துக்குக் காரணம் லிவர் இல்லை, அதை ஆடாமல் பிடிக்கிற புஷ் என்ற வளையம் தேய்ந்திருந்தது. லேத்தில் கொடுத்தால் அரை நாள் வேலை. இரண்டு, அந்த வண்டிக்குத் தனி சேஸ் கிடையாது. தரை, பக்கச் சட்டம், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அதில் சதுர ஓட்டை போட்டால் மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். எனக்கு எட்டாவது மாதத்தில் ஓடியது. மூலையை வட்டமாகவாவது வெட்டியிருக்கலாம், அந்த அறிவும் அன்று இல்லை.

விற்கப் போனபோது வந்தவர் முதலில் குனிந்து பார்த்தது அந்தத் தரையைத்தான். ‘கியர் லிங்க் இருந்தா மாட்டிக் குடுங்க, கேட்ட விலை தர்றேன்’ என்றார். நாலு வருடம் தேடினேன். சென்னைப் புதுப்பேட்டைக்கு இரண்டு தடவை போனேன். கடைசியில் கிடைத்த இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய சாமான் கடையில் எனாமல் தூக்குக்கும் முறுக்கு உழக்குக்கும் நடுவே தொங்கியது. கடைக்காரர் அதை ஏதோ டாக்டர் சாமான் என்று நினைத்து வைத்திருந்தார். விலை 1,500. திருப்பிப் பார்த்தால், லிவருக்கு அடியில் ஒரு பித்தளை வெல்டிங் பொட்டு. வாங்கின புதிதில் நான் வைத்த பொட்டு.

பேரம் பேசவில்லை.

9.8.2025, இரவு

துருவைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

ஃபியட்டில் முன்சீட்டுக்கு அடியில் தரை, கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டம், பின்பட்டை மாட்டும் இடம், பேட்டரித் தட்டு, இந்த நாலையும் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் தகடு, ‘தொப்’ என்றால் ஓட்டையை மறைக்கப் பூசுகிற பட்டி. நம் பக்கம் கடற்காற்று அவ்வளவாக அடிப்பதில்லை, அதனால் சென்னை வண்டியைவிடச் செட்டிநாட்டு வண்டி நன்றாகவே இருக்கும். ஆனால் கொட்டகை மண் தரையாக இருந்தால் மழைக்காலத்தில் ஈரம் அடியிலிருந்து ஏறும். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் அப்பளம்.

அழுகிய தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். நான் ‘வெட்டாதீர்கள்’ என்றது இதற்கில்லை. துருவின் மேலேயே தகட்டை ஒட்டி, பட்டி போட்டு, அண்டர்கோட் அடித்து மூடுகிறார்களே, அது புண்ணுக்கு மேல் பவுடர் போடுகிற வேலை.

சின்னச் சாமான்களுக்கு, அதாவது பிராக்கெட், ஜாக்கி, கீல் மாதிரி, நான் செய்வது மின்சாரக் குளியல். பிளாஸ்டிக் டிரம்மில் 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சலவைச் சோடா. துருப்பிடித்த சாமானைப் பேட்டரி சார்ஜரின் பிளஸ்ஸிலும், ஒரு வேண்டாத இரும்புத் தகட்டை மைனஸிலும் மாட்டி, இரண்டும் தொடாமல் முங்கவிட வேண்டும். ராத்திரி போட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாக உரிந்துவிடும். துருவையும் மின்வேதியியலையும் ஆராய்கிற சர்க்கார் நிலையமே இருக்கிற ஊர் நம் காரைக்குடி. நேரு 1948இல் அடிக்கல் நாட்டியது. அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ‘சிக்ரி’ பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

10.8.2025, காலை 5.50

யாரும் இன்னும் செய்யவில்லையே? நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மாற்றி எழுதிவிட்டேன். துருப்பிடித்த சாமான் மைனஸில், வேண்டாத தகடு பிளஸ்ஸில். மாற்றி மாட்டினால் துரு போகாது, சாமான்தான் கரையும்.

எழுந்ததே அதனால்தான். கனவில் ஒரு கதவுக் கீல் கரைந்தது.

10.8.2025, மதியம்

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பிளஸ்ஸில் எவர்சில்வர் மாட்டாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். சாமானைச் சுற்றி வரும் குமிழி ஹைட்ரஜன். மூடிய அறையில் வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம். ஸ்பிரிங்கை இந்தக் குளியலில் போடக் கூடாது, அந்த ஹைட்ரஜன் எஃகுக்குள் ஏறி அதை முறியவிடும்.

‘பட்டியில் முட்டை வெள்ளைக்கரு கலந்தால் செட்டிநாட்டுச் சுவர் மாதிரி மின்னுமா’ என்று கேட்டவருக்கு: மின்னும், எறும்பும் வரும். ‘புளி போட்டுத் துலக்கலாமா’ என்று கேட்டது மட்டும் விளையாட்டில்லை. ரேடியேட்டரின் பித்தளைத் தொட்டிக்கு, குத்துவிளக்குக்குப் போடுகிற அதே புளிதான் நான் போடுவது. குரோம் பம்பரில் புளியைத் தொடவிடாதீர்கள்.

16.8.2025

எத்தனால் கேள்வி. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸை அது ஊறவைத்துப் பிளக்கும். டேங்க் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பிசினைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். தண்ணீரையும் இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்குத்தான் கெடுதல் அதிகம். எத்தனால் தாங்குகிற ஹோஸ் கேட்டு வாங்கி மாட்டுங்கள், பம்பு டயாஃப்ரத்தை மாற்றுங்கள், ஒளிவு மறைவில்லாத இடத்தில் ஒரு கண்ணாடி ஃபில்டர் வையுங்கள். நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

இன்னொருவர், ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு சீட், அதாவது வால்வு உட்காரும் இடம், தேயுமே என்கிறார். ஆமாம், தேயும். 2000 பிப்ரவரியோடு ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றும்போதே சீட்டையும் மாற்றிவிடுங்கள்.

17.8.2025

லேத்துக்கார அண்ணன் போன் போட்டுத் திட்டினார். அவர் சொல்வதுதான் சரி. சீட் தேய்கிற பயம் அம்பாசடர் மாதிரி இரும்பு ஹெட்டுக்கு. அதில் வால்வு நேராக ஹெட்டிலேயே உட்காரும். ஃபியட்டுக்கு அலுமினிய ஹெட். அலுமினியத்தில் அப்படி உட்கார முடியாது, தனி வளையம் இறக்கித்தான் வந்திருக்கும். கழற்றும்போது வளையத்தைப் பார்த்து, குழி விழுந்திருந்தால் மட்டும் மாற்றினால் போதும். வீண்செலவு வைக்க இருந்தேன்.

24.8.2025

பள்ளத்தூர் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். தம்பி சென்னையிலிருந்து வந்திருந்தார்.

அந்த வீட்டில் முகப்பில் நுழைந்து, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு கிலோமீட்டர் நடந்த மாதிரி இருந்தது. கொட்டகையில் ஃபியட், மேலே துணி, துணிக்கு மேலே தூசு, தூசில் பூனைக்கால். நிறம் இளம்பச்சை. பானட்டில் தேய்த்துப் பார்த்தேன், பழைய பெயிண்ட் உயிரோடு இருக்கிறது. இரண்டு வாரமாகத் தம்பி ஆளை வைத்து ஆயில் ஊற்றியிருந்தார். ஹேண்டில் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. நாலாவது தடவை ஒரு முனகல். பத்தாவது தடவை பாதிச் சுற்று. தம்பி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் போனைக் கீழே போட்டுவிட்டார்.

பின்சீட்டைத் தூக்கினால் எலிக் குடித்தனம். தேங்காய்நார் மெத்தையைக் குடைந்து கூடு கட்டியிருக்கின்றன. கூட்டுக்குள் தாள் துணுக்குகள். கணக்கு நோட்டு, அதில் சரிபாதி தமிழில், மீதி வட்டமான பர்மா எழுத்து. வீட்டில் எந்தப் பெட்டகத்திலிருந்து இழுத்து வந்தனவோ. ஒரு துணுக்கில் ‘வட்டி’ மட்டும் மிச்சம், முதலைக் காணோம்.

ஒயரிங் மொத்தமும் போச்சு. ஆனால் புது ஒயர்களை நிறம் நிறமாக அதே வழியில் இழுத்துவிடலாம், அது பெரிய வேலை இல்லை.

என் பட்டறைத் தரையைப் பற்றித் தம்பி கேலி செய்ததால் இது. ஆமாம், ஆத்தங்குடிக் கல்தான். ஒரு வீட்டு வேலையில் மிஞ்சியதை மலிவாகக் கொடுத்தார்கள். எண்ணெய் பட்டால் மின்னும் என்று நம்பிப் போட்டேன். அது தேங்காய் எண்ணெய்க்குச் சொன்னதாம், கழிவு இன்ஜின் ஆயிலுக்கு இல்லையாம். இப்போது பூ எது, கறை எது என்று எனக்கே தெரியவில்லை.

31.8.2025

மேட் கறுப்பா, பழைய பச்சையா என்று இங்கே ஓட்டெடுப்பு நடத்துகிறவர்கள் நடத்திக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

அந்தக் காலத்தில் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், நம் ஆட்கள் என்.சி. என்பார்கள், இல்லாவிட்டால் டூகோ. தின்னரில் கரையும், சீக்கிரம் காயும், கையால் தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் ஏற்றலாம். ஒரு கதவில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் அடித்துக் கலந்துவிடலாம். மினுமினுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் வெயிலில் வெளுக்கும். இப்போது எல்லாரும் அடிப்பது இரண்டு பொருள் கலக்கிற பாலியூரித்தேன் பெயிண்ட், சுருக்கமாக பி.யூ. கல் மாதிரி நிற்கும், வருடக்கணக்கில் மங்காது.

அந்த பி.யூ.வின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே புகையில் அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். சாதாரணத் துணி, சர்ஜரி மாஸ்க் எதுவும் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வருகிற முகமூடி வேண்டும். சின்னப் பட்டறைகளில் என்ன நடக்கிறது? கைக்குட்டையை நனைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெயிண்டர் அப்படித்தான் கட்டிக்கொண்டு அடித்தார். கடைசி ஐந்து வருடம் மாடிப்படி ஏற முடியவில்லை அவரால். பெயிண்டால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு எழுத்து தேவையில்லை.

அதனால் என் பட்டறையில் பி.யூ. கிடையாது. பழைய வண்டிக்கு ஒரிஜினல்தான் அழகு என்று வெளியே சொல்வேன். அழகும் உண்மைதான், ஆனால் அது இரண்டாவது காரணம்.

இந்த ஃபியட்டுக்குப் புதுப் பெயிண்டே வேண்டாம் என்பது என் கருத்து. பானட், கூரை எல்லாம் தேய்த்தால் வந்துவிடும். தரைத் தகடு மாற்றுகிற இடத்துக்கு மட்டும் ரெட் ஆக்சைடும் பச்சையும் போதும்.

1.9.2025

ஒன்று திருத்த வேண்டும். ‘மேட் கறுப்பு கூடாது’ என்று நான் சொன்னதாகப் பரவிவிட்டது. பெயிண்ட் திரும்ப மாற்றக்கூடியது. பேரப்பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் உரித்துவிடுவான். நிறம் மாறினால் ஆர்.சி.யில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். என் சண்டை கட்டிங் வீலோடு.

அதே கணக்கில் எனக்குச் சம்மதமானவை: டைனமோவுக்குப் பதில், இதே வண்டி பிற்காலத்தில் பத்மினி என்ற பெயரில் வந்ததே, அதன் ஆல்டர்னேட்டர், ஹெட்லைட்டுக்கு ரிலே, டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே ஒளிகிற எலக்ட்ரானிக் பாயின்ட். கழற்றிய பழசைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்துக்கொடுப்பேன். 90 ரூபாய்க்குப் போட மாட்டேன்.

7.9.2025

வண்டிக்குக் கை கால் வந்துகொண்டிருக்கிறது. காகிதத்துக்குத்தான் வரவில்லை.

ஆர்.சி. இன்னும் ஐயா பெயரில். பதிவும் எப்போதோ காலாவதி. வாரிசு பெயருக்கு மாற்ற 31ஆம் நம்பர் படிவம், இறப்புச் சான்று, தாசில்தாரின் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும் என்றேன். ‘பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு அண்ணே’ என்று தம்பி கட்டு ஒன்றைக் காட்டினார். சித்தப்பாக்கள், இறந்த பெரியப்பாவின் பிள்ளைகள், சிங்கப்பூரிலிருந்து ஒன்று, பினாங்கிலிருந்து ஒன்று. எல்லாம் ஆண் பெயர்.

ஆண் வாரிசுகளை மட்டும் பங்காக எண்ணுகிற வீட்டுப் புள்ளிக் கணக்குக்கு, வழக்கப்படி அது சரி. கார் ஐயா சொந்தமாக வாங்கியது, உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளும் முதல் வகுப்பு வாரிசு. வாரிசுச் சான்றில் ஐயாவின் மகளான அயித்தை பெயர் மூன்றாவதாக நிற்கிறது. தம்பி அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

8.9.2025

மரச்சட்டக் கார் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1930களின் முதற்பாதி வண்டிகளில் தகட்டுக்கு உள்ளே மர எலும்புக்கூடு உண்டு, பெரும்பாலும் ஆஷ் மரம். கரையான் தின்ற ஒரு செவ்ரலேவுக்குப் பழைய கதவு பழுதுபார்க்கிற ஆசாரியை வைத்து, இடித்த வீட்டு உத்தரத்திலிருந்து பர்மாத் தேக்கில் செய்தோம். வேலை அற்புதம். ஆனால் தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் பசை பிடிக்கவில்லை. தின்னரால் துடைத்துவிட்டு உடனே ஒட்டினால் பிடிக்கிறது. ஆஷ் வளைந்து கொடுக்கும், தேக்கு கொடுக்காது. கதவு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இடிக்கிறது என்று போன் வருகிறது.

28.9.2025

ஏசி. தம்பி கேட்டார், நான் முடியாது என்றேன், அவர் வெயிலைக் காட்டினார். 40 குதிரையில் கம்ப்ரஸர் சிலவற்றைத் தின்றுவிடும், ரேடியேட்டரும் திணறும். ஆனால் போல்ட்டில் மாட்டி போல்ட்டில் கழற்றலாம், டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கவிடலாம், எதையும் வெட்ட வேண்டாம். நான் போட்ட விதிப்படியே அதற்கு இடம் இருக்கிறது. தோற்றேன். முதலில் ஒரு கோடை ஏசி இல்லாமல் ஓட்டிப் பாருங்கள், சின்ன மூலைக்கண்ணாடியை முழுக்கத் திருப்பினால் வருகிற காற்றைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். சரி என்றிருக்கிறார்.

இன்ஜின் அதே இன்ஜின். ரீபோர் தேவைப்படவில்லை, ரிங் மட்டும் மாற்றினோம். கியர் லிவர் தண்டிலேயே இருக்கிறது. புது புஷ். மூன்றாவது போட்டால் மூன்றாவதுதான் விழுகிறது.

விண்டேஜ் பதிவை ஆகா ஓகோ என்று எழுதியிருந்தேனே, அதில் ஒரு முள்ளும் உண்டு. அப்படிப் பதிந்தால் தினமும் ஓட்ட முடியாது, வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் எண்ணம் உள்ளவர்கள் யோசிக்கவும். தம்பி சாதாரணப் பதிவையே புதுப்பிக்கிறார்.

12.10.2025

அயித்தை வந்தார். 78 வயது, திருச்சியிலிருந்து. நான் ஆச்சி என்றுதான் கூப்பிட்டேன். வண்டியைப் பட்டறையிலிருந்து லாரியில் ஏற்றிப் பள்ளத்தூர்க் கொட்டகையில் கொண்டுபோய் இறக்கியிருந்தோம்.

கையெழுத்துக்கு ஒரு நிபந்தனை போட்டார். ‘என்னைக் குன்றக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போ, போட்டுத் தருகிறேன்.’ கல்யாணமாகிப் போன நாளில் இந்த வண்டியில்தான் போனாராம், அதற்கப்புறம் ஏறவே இல்லையாம். பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ரோட்டில் இறக்கக் கூடாது ஆச்சி என்றேன். ‘வீட்டுக்குள்ளயே ஓட்டு’ என்றார்.

கொட்டகையிலிருந்து கிணற்றடி வரை அறுபது அடி இருக்கும். தம்பி ஓட்டினார், நான் பக்கத்தில் கூடவே நடந்தேன், ஆச்சி பின்சீட்டில். கிணற்றடியில் நிறுத்தியதும் இறங்கவில்லை. ‘ரிவர்ஸ் எடு’ என்றார். திரும்பக் கொட்டகை. மறுபடி கிணற்றடி. மூன்றாவது நடையில் ஹாரன் அடிக்கச் சொன்னார். சமையல்கட்டில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

படிவத்தைப் பானட்டில் வைத்துக்கொடுத்தேன், சூடு தாங்கவில்லை என்றார். டிக்கி மேல் வைத்துப் போட்டார்.

கிணற்றடியில் இரண்டு சொட்டு ஆயில் கிடந்தது. இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.